பிரதேச சபையின் காபன் உமிழ்வைக் குறைக்கும் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வட்டார உறுப்பினர், நுவரெலியா மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். 2025 மே மாதத் தேர்தலில் மலையகத்துப் பிரதேச சபை ஒன்றுக்கு முதன்முறையாகத் தெரிவான உறுப்பினர் நான். சபையின் சுற்றாடல் மற்றும் வாழ்க்கை வசதிகள் குழுவில் இருக்கிறேன். சபையின் காபன் உமிழ்வைப் படிப்படியாகக் குறைப்பதற்கான திட்டம் ஒன்றை, அடுத்த பாதீட்டுக்கு முன்னர் வரைந்து தரும்படி எங்கள் குழுவிடம் கேட்டிருக்கிறார்கள். பொறுப்பை மனமுவந்து ஏற்றுக்கொண்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது முதல் வரியையே எழுத முடியவில்லை.

குழுவில் இதுவரை பேசப்பட்டவை மூன்று. பத்தாயிரம் மரக்கன்றுகளை நடுவது, சபைக் கட்டிடத்தின் கூரையில் சூரியப் படலங்களைப் பொருத்துவது, வீதி விளக்குகளை எல்ஈடி விளக்குகளாக மாற்றுவது. இவை எல்லாம் நல்லவைதாம். எனினும், எது எவ்வளவைக் குறைக்கும் என்று கேட்டால் எங்களில் எவருக்கும் விடை தெரியாது. மேல் கொத்மலை, காசல்றீ, மவுசாக்கலை ஆகிய நீர்த்தேக்கங்கள் நம்மைச் சுற்றி இருக்கும்போது நாம் பாவிப்பது நீர்மின்சாரம்தானே, அதில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவருக்கும் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் சபையின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். எல்லைக்குள் இருக்கும் நிலத்தில் பெரும்பகுதி தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் இருப்பதால் சோலைவரி வருமானம் நகரத்துக் கடைத்தெருவோடு முடிந்துவிடுகிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் மட்டுமே இருக்கிறார். குப்பை அள்ள உழவு இயந்திரங்கள் மூன்று ஓடுகின்றன. அள்ளிய குப்பை ஓடைக்கு மேலே உள்ள சரிவில் பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்டு வருகிறது. ஆலோசகர்களை அமர்த்தப் பணம் இல்லை. இப்படிப்பட்ட ஒரு சபை, பெயரளவில் நின்றுவிடாத ஒரு திட்டத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும்? தோட்டங்களையும் தேயிலைத் தொழிற்சாலைகளையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஹட்டன்

உறுப்பினர் அவர்களுக்கு வணக்கம். திட்டத்தை எழுதுவதற்கு முன்பு ஒரு கணக்கை எழுதுங்கள். ஆலோசகர் தேவையில்லை, சபையின் கணக்குப் பகுதியில் இருக்கும் பற்றுச்சீட்டுகளே போதும். டீசலுக்கும் பெற்றோலுக்கும் கொடுத்த பணம், மின்கட்டணப் பட்டியல்கள், தகனசாலைக்கு வாங்கிய எரிவாயு சிலிண்டர்கள், நாளொன்றுக்கு எத்தனை சுமை குப்பை இறக்கப்பட்டது என்ற பதிவேடு ஆகிய நான்கையும் ஒரு மேசையில் வைத்தால், உங்கள் சபை தன் கையாலேயே வெளியிடும் உமிழ்வின் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும்.

எந்த ஆண்டை அடிப்படையாக எடுப்பது என்பதில் கவனமாக இருங்கள். 2020, 2021 ஆகிய ஆண்டுகள் ஊரடங்கில் கழிந்தன. 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றது. அந்த ஆண்டுகளில் ஒன்றை அடிப்படையாக வைத்தால், அடுத்த ஆண்டிலேயே உங்கள் உமிழ்வு கூடியதாகத்தான் காட்டும். பின்னர் சபையில் எவரும் அந்தத் திட்டத்தை நம்பமாட்டார்கள். வாகனங்களும் விளக்குகளும் வழமைபோல் இயங்கிய அண்மைய ஆண்டு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

இரண்டு கணக்குகளைத் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒன்று சபையின் சொந்தக் கணக்கு. மற்றையது சபையின் எல்லைக்குள் நடப்பவை அனைத்தினதும் கணக்கு. தேயிலைத் தொழிற்சாலைகளின் மின்சாரமும் விறகும், தோட்டங்களில் இடப்படும் நைதரசன் பசளையும், பஸ்களும் முச்சக்கர வண்டிகளும், ஏப்ரல் மாத வசந்த காலத்தில் மேலே ஏறிவரும் சுற்றுலா வாகனங்களும் இரண்டாவதில் சேரும். அவற்றை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் முதலாம் ஆண்டில் உங்கள் ஆற்றலை முதற்கணக்கிலேயே செலவிடுங்கள். தன் வீட்டைச் சீர்செய்யாத சபை கம்பனிகளிடம் போய் எதையும் கேட்க முடியாது.

மூத்த உறுப்பினர் கேட்ட கேள்வி நியாயமானது. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மேல் கொத்மலையில் பிறக்கும் 150 மெகாவாட்டும் லக்ஷபான தொகுதியில் பிறக்கும் மின்சாரமும் நம் வீதிக்கு நேராக வருவதில்லை. அவை தேசிய மின்கட்டமைப்பில் கலக்கின்றன. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் அதே கட்டமைப்பில்தான் இருக்கிறது. நாம் ஓர் அலகைச் சேமித்தால், அந்த அளவு நீர் நீர்த்தேக்கத்திலேயே தங்கி, இன்னொரு நேரத்தில் எரியவிருந்த நிலக்கரியையோ எண்ணெயையோ குறைக்கும். அலகொன்றுக்கு எவ்வளவு உமிழ்வு என்பது மழையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். இலங்கை நிலைபேறான வலுசக்தி அதிகார சபை ஆண்டுதோறும் வெளியிடும் வலுசக்திச் சமநிலை அறிக்கையில் இருக்கும் எண்ணையே பயன்படுத்துங்கள்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இவை உங்கள் சபையின் எண்கள் அல்ல, உங்கள் அளவையொத்த ஒரு சபைக்கு நான் வைத்துக்கொண்ட எண்கள். மூன்று உழவு இயந்திரங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு 30 லீற்றர் டீசலை 300 நாட்கள் எரித்தால் 9,000 லீற்றர் ஆகும். ஒரு லீற்றர் டீசல் ஏறத்தாழ 2.68 கிலோகிராம் காபனீரொட்சைட்டைத் தரும். ஆகவே ஆண்டுக்கு 24 தொன். அடுத்தது விளக்குகள். 500 சோடியம் விளக்குகளை மாற்றி, விளக்கொன்றுக்கு 50 வாட் மிச்சம் பிடித்தால், இரவுக்கு 12 மணித்தியாலம் என்ற கணக்கில் ஆண்டுக்கு 109,500 அலகுகள் குறையும். அலகுக்கு அரைக் கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால் அது 55 தொன்.

குப்பைக்கு வாருங்கள். நாளொன்றுக்கு 4 தொன் குப்பை அள்ளப்பட்டு, அதில் பாதி அழுகக்கூடியது என்றால், ஆண்டுக்கு 730 தொன் உணவுக் கழிவும் மரக்கறிக் கழிவும் குப்பைமேட்டுக்குப் போகின்றன. காற்று புகாத இடத்தில் அழுகும்போது அவை மெதேன் வாயுவைத் தருகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காலநிலை மாற்றம் தொடர்பான அரசாங்கங்களுக்கிடையிலான குழுவின் பொதுவான எண்களை வைத்துப் பார்த்தால், ஆழமில்லாத மேட்டில் கொட்டப்படும் ஒவ்வொரு தொன் உணவுக் கழிவும் காலப்போக்கில் அரைத் தொன்னுக்குச் சற்றுக் கூடுதலான காபனீரொட்சைட்டுக்கு நிகரான உமிழ்வைத் தரும். மேடு ஐந்து மீற்றருக்கு மேல் ஆழமாகிவிட்டால் அது இருமடங்காகும். ஆக, 730 தொன்னுக்கு 400 தொன்னிலிருந்து 800 தொன் வரை. டீசலும் விளக்கும் சேர்ந்தாலும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. முப்பது ஆண்டுகள் வீதிகளையும் விளக்குகளையும் பார்த்தே பணியாற்றிய நான், இந்தக் கணக்கை முதன்முறை போட்டபோது பிழைவிட்டுவிட்டேன் என்று எண்ணித் திரும்பத் திரும்பப் போட்டேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதாகவும், 2050க்குள் காபன் நடுநிலையை, அதாவது வெளியிடும் அளவும் உறிஞ்சப்படும் அளவும் சமமாகும் நிலையை, அடைவதாகவும் இலங்கை 2021இல் உறுதி அளித்திருக்கிறது. மின்கட்டமைப்பு தூய்மையாகத் தூய்மையாக, உங்கள் விளக்குகளின் உமிழ்வு நீங்கள் எதுவும் செய்யாமலே குறையும். குப்பைமேட்டு மெதேனை உங்களுக்காக வேறு எவரும் குறைத்துத் தரமாட்டார்கள். அந்தக் கடமை சட்டப்படியும் உள்ளூராட்சி சபைக்கே உரியது.

விளக்குகளை மாற்றுங்கள், கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுக் குப்பை வேலைக்குப் பயன்படுத்துங்கள். சூரியப் படலத்துக்கு அவசரம் வேண்டாம், பிற்பகல் மூடுபனி இறங்கும் நம் ஊர்களில் எதிர்பார்த்த அளவு கிடைக்காது. மரக்கன்றுகளை நீரூற்றுகளின் மேற்புறத்திலும் சரிவுகளிலும் நடுங்கள், ஆனால் அவற்றை உமிழ்வுக் கணக்கில் கழிக்காதீர்கள். நட்டது எத்தனை என்று எழுதுகிறோம். மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருப்பது எத்தனை என்று யார் போய் எண்ணுகிறார்கள்?

பதில் 2: தோட்டப் பாடசாலை ஆசிரியை, பொகவந்தலாவை

ஐயா எழுதியதை வரிக்கு வரி ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும், தோட்டங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள்படும் இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பல தசாப்தங்களாக எங்களுக்குச் சொல்லப்பட்டு வந்ததும் அதுதான். தோட்டம் கம்பனியின் நிலம், அங்கே சபை பணம் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். பிரதேச சபைச் சட்டத்துக்கு 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பெரிய சபைகளும் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகள் இயங்கத் தொடங்கின. சபை எங்கள் பக்கத்தில் வந்துவிட்டது. குப்பை வண்டி இன்னும் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வரவில்லை.

வண்டி வராத இடத்தில் என்ன நடக்கிறது? சமையற் கழிவு லயத்துக்குப் பின்னால் உள்ள கானுக்குள் போகிறது. பிளாஸ்டிக் பைகளை அடுப்பிலோ வாசலிலோ எரிக்கிறார்கள். மழை வந்தால் மிச்சம் முழுவதும் ஓடைக்குப் போய், அங்கிருந்து கெஹெல்கமு ஓயாவில் சேர்கிறது. அது காசல்றீ நீர்த்தேக்கத்துக்கும், அங்கிருந்து களனி ஆற்றுக்கும் போகும் நீர். கொழும்பு குடிக்கும் தண்ணீரின் தொடக்கம் எங்கள் லயத்துக் கான்களில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் வரைபடத்தில் காட்டும்போது அவர்கள் வியந்து போகிறார்கள்.

ஆகவே தோட்டங்களுக்கும் சேவை விரியும்போது சபையின் டீசல் செலவு கூடும். சொந்தக் கணக்கில் உமிழ்வும் சற்று உயரும். அதற்குப் பயந்து எங்களைக் கணக்குக்கு வெளியே வைத்துவிடாதீர்கள் என்று உறுப்பினரை வேண்டிக்கொள்கிறேன். அதே நேரம், எங்கள் லயத்து அழுகும் கழிவையும் அள்ளிக்கொண்டு போய் ஆழமான மேட்டில் போட்டால், ஐயாவின் கணக்குப்படி மெதேன் கூடத்தானே செய்யும்? அதைவிட, ஒவ்வொரு வரிசை லயத்துக்கும் இரண்டு மூன்று கூட்டெருத் தொட்டிகளைக் கொடுத்து, அழுகுவதை அங்கேயே எருவாக்கவிட்டு, பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் தகரத்தையும் மாத்திரம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து எடுத்துச் சென்றால் போதும். வீட்டுக்குப் பின்னால் கையளவு நிலத்தில் போஞ்சியும் கீரையும் போடாத குடும்பம் எங்களிடம் குறைவு. எரு வீணாகாது.

விறகைப் பற்றியும் ஒரு சொல். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போவதற்கு முன்னும், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பின்னும் எங்கள் தாய்மார் விறகு சுமக்கிறார்கள். புகைபோக்கி இல்லாத அடுப்பில் சமைத்து இருமுகிறார்கள். அந்த விறகின் உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்று அவர்களிடம் போய்ப் பேசுவது நியாயமாகாது. 2022இல் எரிவாயு கிடைக்காதபோது நகரத்தவர்களும் விறகுக்குத்தான் திரும்பினார்கள். ஆனால், 7 பேர்ச் காணியில் கட்டப்படும் புதிய வீடுகளின் வரைபடத்தை அங்கீகரிக்கும் இடத்தில் சபை இருக்கிறது. புகைபோக்கியும் குறைந்த விறகில் எரியும் அடுப்பும் இல்லாத சமையலறைக்கு அங்கீகாரம் இல்லை என்று அது சொல்லலாம். அப்படிச் சொன்னால் விறகும் குறையும், நெஞ்சுச் சளியும் குறையும்.

பதில் 3: மரக்கறி விவசாயி, வெலிமடை

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இலங்கையர் ஒருவரின் காபனீரொட்சைட்டு உமிழ்வு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன்; உலகச் சராசரி நான்கு தொன்னுக்கு மேல். மலையகத்தில் அது இன்னும் குறைவாகத்தான் இருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. சபையிடம் இருக்கும் கொஞ்சப் பணத்தை வடிகாலுக்கும் சரிவுகளுக்கும் செலவழிக்காமல் உமிழ்வுக் கணக்குக்குச் செலவழிப்பது முறையா?

இரண்டாவது, குப்பையிலிருந்து எரு செய்வதாகச் சொல்கிறீர்கள். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே நாளில் நிறுத்தியபோது சேதனப் பசளை என்ற பெயரில் எங்களுக்குக் கிடைத்தவற்றில் கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கிடந்தன. லீக்ஸ் பாத்தியில் கையை விட்டபோது என் விரல் கிழிந்தது. அந்த எருவை மறுபடியும் யார் வாங்குவார்கள்?

பதில் 4: சேதனப் பசளை நிலைய மேற்பார்வையாளர், பதுளை மாவட்டம்

விவசாயி அண்ணன் கேட்டவை இரண்டும் கேட்கப்பட வேண்டியவை. முதலாவதற்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உறுப்பினர் சொல்லும் குப்பைமேடு சரிவில், ஓடைக்கு மேலே இருக்கிறது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் சரிந்து வீடுகளை மூடியது மண் அல்ல, குப்பை. அது சமதரையில் நடந்தது. சரிவில் ஈரக் குப்பையை ஏற்றிக்கொண்டே போகும் சபை, மெதேனையும் ஆபத்தையும் ஒரே இடத்தில் குவிக்கிறது. ஆகையால் அந்த மேட்டுக்குப் போகும் அழுகும் கழிவை நிறுத்துவது, சரிவுக்குச் செய்யும் செலவாகவும் ஆகிறது. முதலில் அந்த இடத்தை, மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் காட்டி எழுத்தில் அறிக்கை பெறுங்கள். பாதீட்டு விவாதத்தில் அந்தத் தாள் பெரிதும் உதவும்.

எருவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபைகள் தவறுவது இங்கேதான். நான் முன்பு பணிபுரிந்த சபை ஒன்றில், கலந்து வந்த குப்பையை இயந்திரத்தால் பிரித்துவிடலாம் என்று நம்பிப் பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பட்டி அறுந்தது, உதிரிப்பாகம் வரவேயில்லை. கண்ணாடி கலந்த எரு அந்த வழியில்தான் உருவாகிறது. வீட்டிலும் கடையிலும் பிரிக்காததை நிலையத்தில் பிரிக்க முடியாது. இதை நான் பத்து ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன். பலாங்கொடை நகர சபையின் எரு நிலையம் நாடெங்கும் பேசப்படுகிறது. முடிந்தால் உங்கள் குழுவினர் எல்லோரும் ஒரு நாள் அங்கே போய் நின்று பாருங்கள்.

தொடங்கும்போது எல்லா வீடுகளையும் ஒரே நாளில் பிடிக்க முயல வேண்டாம். மரக்கறிச் சந்தையில் தொடங்குங்கள். கோவா இலை, லீக்ஸ் தாள், கரட் தழை என ஒரே வகைக் கழிவு பெருமளவில், கண்ணாடி கலக்காமல் அங்கே கிடைக்கும். ஆனால் அது நீர் நிறைந்தது. அதை மட்டும் குவித்தால் ஒரு வாரத்தில் கூழாகிக் காற்று போகாமல் நாறும், மெதேனும் வரும். காபன் பங்கு நைதரசன் பங்கைப் போல் 25 முதல் 30 மடங்கு இருக்கும்படி உலர்ந்த பொருளைக் கலக்க வேண்டும். மரத்தூள், உலர்ந்த புல், சருகு, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை நொறுக்கியது ஆகியவை நம்மிடம் உண்டு. குவியலின் உள்ளே வெப்பம் 55 பாகைக்கு மேல் சில நாட்கள் நிற்க வேண்டும். அப்போதுதான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் எரு முதிர்வதற்குக் கூடுதல் வாரங்கள் ஆகும் என்பதால், தாழ்நாட்டு அளவை நம்பாமல் நிலப்பரப்பைச் சற்றுப் பெரிதாகவே ஒதுக்குங்கள். கூரை கட்டாயம் வேண்டும். கூரையில்லாத குவியலில் ஒரு தென்மேல் பருவமழை பெய்தால் எருவின் சத்து முழுவதும் ஓடையில்தான் இருக்கும்.

உமிழ்வுக் கணக்கில் எருவாக்கலைப் பூச்சியம் என்று எழுதிவிடவும் கூடாது. முறையாகச் செய்தாலும் ஈரக் கழிவுத் தொன் ஒன்றுக்குச் சுமார் 0.18 தொன்னுக்கு நிகரான மெதேனும் நைதரசு ஒட்சைட்டும் வெளியாகும் என்று கொள்வது வழமை. மேலே ஐயா போட்ட 730 தொன்னுக்கு அது 130 தொன் வரும். மேட்டில் கொட்டியிருந்தால் 400 தொன். மிச்சமான 270 தொன்னை மட்டுமே உங்கள் சாதனையாக எழுதுங்கள். அந்த எண்ணை எவரும் அசைக்க முடியாது.

விற்பனையைப் பற்றி, அண்ணன், உங்கள் விரல் கிழிந்த கதையை நானும் பல விவசாயிகளிடம் கேட்டிருக்கிறேன். முதல் ஆண்டு நாங்கள் எருவை விற்கவில்லை. சந்தைக் கழிவில் செய்த எருவை அரித்து, சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் விவசாயிகளுக்கே ஆளுக்கு இரண்டு மூட்டை இலவசமாகக் கொடுத்து, ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பாருங்கள் என்றோம். இரண்டாம் ஆண்டில் அவர்களே முன்பதிவு செய்தார்கள். அவர்களுடைய தோட்டத்துத் தழை எருவாகி அவர்களுடைய மண்ணுக்கே திரும்புகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்ததால்தான் அந்த நம்பிக்கை வந்தது.

மறுமொழி: வட்டார உறுப்பினர், நுவரெலியா மாவட்டம்

நான்கு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயாவின் மாதிரிக் கணக்கை எங்கள் தவிசாளரிடமும் செயலாளரிடமும் காட்டினேன். பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, குப்பைச் சுமைகளின் எண்ணிக்கை மட்டுமே எழுதப்பட்டிருந்தது. நிறை எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆகவே வரும் திங்கட்கிழமையிலிருந்து ஏழு நாட்களுக்கு ஒவ்வொரு சுமையையும் அருகிலுள்ள வாகனத் தராசில் நிறுத்த பின்பே இறக்குவதென முடிவு செய்திருக்கிறோம். சந்தை கூடும் ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஏழு நாளுக்குள் அடங்கும். மேட்டைப் பரிசோதிக்கும்படி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதும் கடிதமும் தயாராகிறது.

ஆசிரியை அம்மாவின் யோசனைப்படி, சபைக்கு மிக அருகிலுள்ள தோட்டத்தில் இரண்டு வரிசை லயங்களுக்குத் தொட்டிகள் கொடுப்பதை முதலாம் ஆண்டுத் திட்டத்திலேயே சேர்க்கிறேன். அதற்குத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலச் சம்மதம் தேவைப்படுமா, அல்லது 2018 திருத்தத்தின் கீழ் சபைத் தீர்மானம் ஒன்றே போதுமா என்பதை அறிந்தவர்கள் எழுதுங்கள். பத்தாயிரம் மரக்கன்று என்ற வரியை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில், எங்கள் குடிநீர்த் திட்டங்களுக்கு நீர் தரும் ஊற்றுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.